செக்ரோலில் ஏறிய வயது

கிள்ளான் நகரத்திலிருந்து வடக்கே செல்லும் மேரு சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைக் கூரைகளையும் கிடங்குகளையும் அடுக்குமாடி வீடுகளையும் காணும் ஒருவரிடம், அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் பால்மரக் காடாகவும், காட்டினிடையே தமிழர் குடியிருந்த லயங்களாகவும், ஜாவாவிலிருந்து வந்தோர் சதுப்பு நிலத்தைத் திருத்தி அமைத்த கம்பம் என்னும் சிற்றூர்களாகவும் இருந்ததென்று சொன்னால், அவர் நம்பத் தயங்கக்கூடும். வல்லம்புரோசா, புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், நார்த் ஹம்மோக் முதலிய பழைய தோட்டப் பெயர்களுள் சில பள்ளிக்கூடப் பலகைகளிலும் சாலைப் பெயர்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த பூமியிலே செத்தியா ஆலாம் என்னும் புதிய நகரம் எழுந்திருக்கிறது. இத்தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் ரப்பர் விலையைப் பற்றியும், கங்காணி முறையைப் பற்றியும், கூலிப் போராட்டங்களைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாக எழுதப்படாத ஒரு விஷயத்தையே நான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இந்த மண்ணில் பிறந்த ஒரு பிள்ளை எந்தப் பிராயத்தில் ‘ஆள்’ ஆனது, அதை நிர்ணயித்தவர் யார், அந்த நிர்ணயம் மனித மூளை வளரும் முறைக்கு எவ்வளவு ஒத்திருந்தது என்பதே அது.

1901ஆம் ஆண்டு கிள்ளானின் சரித்திரத்தில் விசேஷமான ஆண்டு. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் அவ்வாண்டிலேதான் திறக்கப்பட்டது. மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் கிள்ளான் மாவட்டத்து மருத்துவராக வந்து, நகரத்தையும் துறைமுகத்தையும் சூறையாடிக்கொண்டிருந்த மலேரியாக் காய்ச்சலைச் சதுப்பு நிலங்களை வடியவைத்து அடக்கும் பெருமுயற்சியைத் தொடங்கினார். அதே 1901இல், கடல்கள் பலவற்றுக்கு அப்பால், ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த பவுல் ஃபிளெக்சிக் என்னும் மூளைச் சாஸ்திரி, தம்முடைய ஆராய்ச்சியின் சாரத்தை லண்டனில் வெளியாகும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். நரம்பிழைகளைச் சுற்றிப் படியும் மயலின் என்னும் கொழுப்புறை மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்தில் உண்டாவதில்லை, தொடுதல், காணுதல், கைகால் அசைத்தல் ஆகியவற்றுக்குரிய பகுதிகள் முதலிலும், ஆய்ந்து தெளிவதற்கும் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் துணையாகும் பகுதிகள் கடைசியிலும் அவ்வுறையைப் பெறுகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மனிதப் பிள்ளை ஒரே மூச்சில் முதிர்வதில்லை, பகுதி பகுதியாகவே முதிர்கிறது என்பதற்கு உடற்கூற்றில் கிடைத்த முதல் சாட்சிகளுள் அது ஒன்று. வாட்சனும் ஃபிளெக்சிக்கும் ஒருவரையொருவர் அறிந்திருக்கக் காரணமில்லை. ஆயினும் கிள்ளான் தோட்டத்துப் பிள்ளைகளின் வரலாற்றைச் சொல்லப் புகும் ஒருவனுக்கு இருவரும் வேண்டும்.

வாட்சன் செய்த காரியங்களில் ஒன்றை உற்றுநோக்கவேண்டும். ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய, அவர் அத்தோட்டத்துக் குழந்தைகளைப் பரிசோதித்தார். குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே வயிற்றின்மேல் விரல்களை மெல்ல அழுத்தி, மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உண்டென்று கணக்கிட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட்டார். பெரியவர்கள் வருவார்கள், போவார்கள். குழந்தைகளின் உடம்போ அவ்விடத்தின் நோயை உள்ளபடியே காட்டிவிடும் என்பது அவருடைய யுக்தி. அக்கணக்குகள் 1911இல் வெளியான அவருடைய நூலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்றன. எனினும், வீங்கிய மண்ணீரலோடு பிழைத்து எழுந்த அக்குழந்தைகளின் அறிவுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு அந்தக் காலத்தில் எவருக்கும் அவகாசமிருக்கவில்லை. உயிரோடிருப்பதே பெரிதாயிருந்த காலம் அது.

இன்று நாம் அதைக் கேட்கவேண்டும். பிறந்த சிசுவின் மூளை வளர்ந்த மனிதனுடைய மூளையின் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்குதான். ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அந்த முதல் ஆறாண்டுகளில் உண்ணும் உணவின் பெரும்பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் மீண்டும் மீண்டும் வரும் மலேரியாவும், கொக்கிப்புழுவும், அவற்றால் விளையும் இரத்தச் சோகையும், இரும்புச் சத்தின் குறைவும், பிற்காலத்தில் கவனத்தையும் ஞாபகசக்தியையும் கல்வியையும் பாதிக்கின்றன என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். விடியுமுன் தாய் மரம் சீவப் போய்விட, ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தூளிகளில், வேலை செய்ய இயலாத ஒரு கிழவியின் கண்காணிப்பில் கிடந்த குழந்தைகள், பேச்சுக்கும் கொஞ்சலுக்கும் ஏங்கிய மணி நேரங்களையும் அக்கணக்கோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்தக் கிழவிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பல குழந்தைகளை ஒருத்தியாகத் தாலாட்டிய அவர்களுடைய உழைப்புக்கு இச்சமூகம் இன்னும் நன்றி சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளை பிற்காலத்தில் ‘மந்தபுத்தி’ என்று பள்ளியில் பெயர் வாங்கியபோது, அதற்குக் காரணம் அதன் குலத்திலோ பிறப்பிலோ இல்லை, அது கிடந்த கொட்டகையிலும் குடித்த நீரிலும் இருந்தது என்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

சட்டம் இப்பிள்ளைகளுக்கு இரண்டு கதவுகளை ஒரே சமயத்தில் திறந்துவைத்தது. மலாய் ஐக்கிய நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்று வைக்கும்படி முதலாளிக்கு ஆணையிடலாம். அதே சட்டத்தின்படி, பத்து வயது நிரம்பிய பிள்ளையை வேலைக்கும் வைக்கலாம். ஏழிலிருந்து பதினான்கு வரை மாணவன், பத்திலிருந்து தொழிலாளி என்ற இரண்டு நிலைகளுள் எது வென்றிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடமென்பது பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும். ஆசிரியர் என்பவரும் சில இடங்களில் கிராணி என்னும் எழுத்தரோ கங்காணி என்னும் மேற்பார்வையாளரோ ஓய்வு நேரத்தில் வந்து அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவராக இருந்தார். மூன்றாவது நான்காவது வகுப்போடு படிப்பு நின்றுபோகும். வீட்டில் அரிசிக்குக் காசு போதாதபோது, பால் பிடிக்கும் மங்கைத் துடைப்பதற்கும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்குவதற்கும், லாலாங் புல்லைப் பிடுங்குவதற்கும் பிள்ளையின் சிறிய விரல்கள் பயன்பட்டன. முதலில் தாயின் நிரையிலே தாய்க்கு ஒத்தாசையாக, பெயரில்லாமல். பின்பு ஒருநாள் கிராணி செக்ரோல் என்னும் ஆட்பெயர்ப் பதிவேட்டைத் திறந்து, பிள்ளையின் பெயரைக் கேட்டு, புதுவரியொன்றில் எழுதிவிடுவார். அந்த வரியோடு பால்யம் முடிந்தது.

உலகத்தின் மற்ற சமூகங்களும் சிறுவரை வேலைக்கு அனுப்பியவைதாம். தமிழ்நாட்டுக் கிராமத்திலும் ஆடு மேய்த்த சிறுவர்கள் இருந்தார்கள். ஆனால் கிராமத்துச் சிறுவன் தன் பாட்டன், சிற்றப்பன், மாமன் என்னும் சுற்றத்தின் நடுவே, வேலையையும் விளையாட்டையும் கலந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்ல மனிதனானான். தோட்டத்தில் அந்த நீண்ட படிக்கட்டு இல்லை. அங்கே நான் மிகவும் வருந்தும் முரண்பாடு ஒன்றும் இருந்தது. தமிழ்த் தொழிலாளி குழந்தை மனம் படைத்தவன், தானாக ஒன்றும் தீர்மானிக்க இயலாதவன், தகப்பனைப் போல் அடித்தும் அணைத்தும் ஆளப்படவேண்டியவன் என்பது வெள்ளைக்காரத் துரைமாரின் பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி காணப்பட்ட கருத்து. நாற்பது வயதுக் குடும்பஸ்தனை இவ்வாறு குழந்தையென்று மதித்த அதே நிர்வாகம், பத்து வயதுக் குழந்தையைக் கணக்கில் ஆளென்று எழுதிக்கொண்டது.

பெரட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பால்மரத்தில் வெயில் ஏறுமுன்னர்தான் பால் நன்றாக ஓடும். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் நாளங்களில் நிறைந்திருக்கும் அழுத்தம் பகலில் குறைந்துவிடுகிறது. ஆகவே விடியற்காலை நான்கரை ஐந்து மணிக்கே மணியடித்து, லயத்து மக்கள் யாவரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது வழக்கம். இருட்டில் உளியும் வாளியும் காண்டா என்னும் காவுதடியுமாக நின்ற அந்த வரிசையில், பெரியவர்களுக்கு நடுவே, கண்ணைத் திறக்கமாட்டாமல் ஆடிக்கொண்டு நின்ற பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை எந்தத் தோட்டத்திலும் காணமுடிந்தது. “எந்திரிடா ஐயா, பேரு கூப்பிட்டுட்டாங்க, நேரமானா கங்காணி திருப்பி அனுப்பிடுவாரு” என்று தாய் தட்டியெழுப்பாத லயம் இருந்திருக்காது. பிந்திவந்தவனுக்கு அன்றைய வேலை கிடையாது. வேலையில்லையேல் கூலியும் இல்லை.

பருவமடையும் காலத்தில் மனித உடலின் நித்திரைக் கடிகாரம் தானாகவே ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப்போகிறது என்று மேரி கார்ஸ்கடன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் நிரூபித்தார். தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, சிறுபிள்ளைகளைவிடவும் பெரியவர்களைவிடவும் குமரப் பிராயத்தினருக்கு இரவில் தாமதித்தே சுரக்கிறது. காலையில் தாமதித்தே அடங்குகிறது. முன்னிரவில் அவர்களுக்குத் தூக்கம் வராது. விடியற்காலை அவர்களுக்கு நள்ளிரவு. பகல் முழுதும் கற்றதை மூளை பதிந்துகொள்வதும் அந்தத் தூக்கத்தில்தான். ஆகவே பெரட்டுக் களத்தில் ‘சோம்பேறி’ என்று ஏசப்பட்ட அந்தப் பையன் உண்மையில் சோம்பேறியல்லன். தன் வயதின் இரவை இழந்துகொண்டிருந்தவன். பெரட்டுக் களங்கள் மறைந்தாலும், காலை ஏழரை மணிப் பள்ளிக்காக ஐந்து மணிக்கே எழுந்து வேன் ஏறும் இக்காலத்துக் கிள்ளான் மாணவரைப் பார்க்கும்போது, அந்த அநியாயம் முற்றும் தீர்ந்துவிட்டதென்று எனக்குத் தோன்றவில்லை.

பெண்பிள்ளைகளின் கதையோ வேறு விதம். பையன்களைச் செக்ரோல் ஆளாக்கியது. பெண்களை உடம்பே ஒருநாளில் ஊரறிய ஆளாக்கிவிட்டது. மஞ்சள் நீராட்டின் மகிழ்ச்சி ஓய்ந்ததும் சிலேட்டும் புத்தகமும் மூலையில் போய்விடும். தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமப்பதும், உலை வைப்பதும், பின்பு வெளிக்காட்டு வேலைக்குப் போவதும், பதினைந்து பதினாறில் இன்னொரு லயத்துக்கு மருமகளாகப் போவதும் பலருக்கு விதியாயின. உடல் முதிர்ந்த அன்றே மனமும் முதிர்ந்துவிட்டதென்று நம்பியது நமது சம்பிரதாயத்தின் பெரும்பிழை என்று சொல்ல நான் தயங்கவில்லை. பூப்பெய்துதல் அந்த முதிர்ச்சியின் ஆரம்பமேயன்றி முடிவன்று.

இதற்குச் சாஸ்திரம் கூறும் காரணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்க மனவியலார் 1904இலேயே குமரப் பருவத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதியிருந்தார். ஆயினும் அவர் கண்டது நடத்தையின் கொந்தளிப்பையே, மூளையின் உட்புறத்தையன்று. சிக்காகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் என்னும் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை வயதுவாரியாக ஆராய்ந்து, நரம்பணுக்களிடையேயுள்ள இணைப்புகள் சிறு குழந்தைப் பருவத்தில் மிகுதியாகப் பெருகிப் பின்னர் குறைகின்றன என்று 1979இல் காட்டினார். 1999இல் ஜே கீட் என்பவரும் அவருடைய குழுவினரும், உயிரோடிருக்கும் சிறுவர் சிறுமியரின் மூளையைக் காந்தக் கருவியால் சில ஆண்டுகளுக்கொரு முறை மீண்டும் மீண்டும் படமெடுத்து, நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியின் சாம்பல்நிறத் திசு பதினொன்று பன்னிரண்டு வயதளவில் உச்சத்தை எட்டி, அதன்பின் மெல்லிதாகிறது என்பதை வெளியிட்டார்கள். தோட்டக்காரர் ரப்பர்க் கன்றுகளை நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகள் சென்றபின் பால் குறைந்தவற்றைக் களைந்து, நல்ல மரங்களுக்கு இடம்விடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பயன்பட்ட இணைப்பு நிலைக்கிறது, பயன்படாதது கழிகிறது, நிலைத்தவற்றின்மேல் மயலின் படிந்து செய்தியின் வேகம் கூடுகிறது. இவ்வேலை இருபது வயதைத் தாண்டியும், சிலருக்கு இருபத்தைந்துக்கு அப்பாலும் நடந்துகொண்டிருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது, மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் இவ்வாறு தேறுவதில்லை என்பதே. இன்பத்தையும் வெகுமதியையும் புகழையும் நாடச் செய்யும் உட்பகுதிகள், பருவமடைந்தவுடன் மிகுந்த கூர்மை பெற்றுவிடுகின்றன. பொறு, பார், பின்விளைவை எண்ணு என்று தடுக்கும் நெற்றிப்புறமோ நிதானமாகவே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில ஆண்டுகளின் இடைவெளிதான் வாலிபத்தின் துணிச்சலுக்கும், கோபத்துக்கும், கற்கும் வேகத்துக்கும், காதலுக்கும், தியாகத்துக்கும் ஒரே ஊற்று. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்னும் மனவியலாரும் அவருடைய துணையாசிரியரும் 2005இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டொன்றைச் சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கவும் ஆடச் செய்தார்கள். பெரியவர்கள் இரண்டு நிலையிலும் ஒரே விதமாக ஓட்டினார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களோ நண்பர்கள் பக்கத்திலிருந்தபோது ஏறக்குறைய இரட்டிப்பு அபாயத்தை மேற்கொண்டார்கள். அறிவு குறைந்துவிடவில்லை, தோழரின் கண் பக்கத்திலிருந்தது, அவ்வளவே. மேரு சாலையில் இரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போகும் பையன்களைத் தலைமுறையின் சீர்கேடென்று சபிப்பவர்கள் இந்தப் பரிசோதனையைச் சிந்தித்துப் பார்க்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்தத் தோழரின் கண் நாசத்தையே விளைவிக்கும் என்பதுமில்லை. அதற்குக் கிள்ளானின் சரித்திரமே சாட்சி.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் மாவட்டத்துத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் என்பவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்கு ஒத்த ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல வைத்தியம், பெண்களிடம் தகாதவாறு நடப்பவர்களுக்குத் தண்டனை, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை என்று நீண்ட அவர்களது கோரிக்கைகளில், கேட்பவருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டுமென்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது.

இந்தக் கோரிக்கையின்மேல் நான் சற்றே நிற்க விரும்புகிறேன். காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கி, மாலையில் தலைவாரிச் சட்டை மாட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கோ கிள்ளான் பட்டணத்துக்கோ போவது முக்கியமாக வாலிபர்களின் வழக்கம். தோழர்களும் வயதுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, மிதித்து வந்த வேகத்தைத் திடீரென்று நிறுத்தி, இறங்கி, தலைகுனிந்து, துரையின் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை நிற்பது என்பது ஐம்பது வயதுக்காரனுக்குப் பழகிப்போன காரியமாக இருந்திருக்கலாம். பதினெட்டு வயதுக்காரனுக்கு அது நெஞ்சில் ஏறிய முள். அவமானமும் மரியாதையும் மற்றெந்தப் பிராயத்தைவிடவும் அந்தப் பிராயத்தில் ஆழமாகப் பதிகின்றன என்று இன்றைய மூளை ஆராய்ச்சி சொல்வதைக் கிள்ளான் வாலிபர்கள் ஒரு கோரிக்கைத் தாளில் முன்னரே எழுதிவைத்துவிட்டார்கள் என்று நான் கருதுகிறேன். எந்தச் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னார்களோ அதே சைக்கிளில் ஏறி, காந்திக் குல்லாய் அணிந்து, தோட்டம் தோட்டமாகச் செய்தி கொண்டுபோனவர்களும் அவர்களே.

ஏப்ரலில் கூலியில் ஐந்து காசு உயர்வோடு தற்காலிக அமைதி உண்டாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் மறுபடியும் மூண்டு சிலாங்கூர் முழுதும் பரவியது, இராணுவம் அழைக்கப்பட்டது, அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அன்று அரசாங்கம் கண்டது கலகத்தை. ஆபத்தை எண்ணாத ஒரு வயது, நியாயமான காரியமொன்று கிடைத்தபோது எவ்வளவு உயரம் எழும்பும் என்பதையே நான் அதில் காண்கிறேன்.

அடுத்து வந்த ஜப்பானிய ஆட்சி அவ்வயதின் இரண்டு முகங்களையும் காட்டியது. தோட்டத்து வாலிபர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பலர் திரும்பவேயில்லை. மறுபுறம், 1943இல் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு ஜான்சி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்தவர்களில், கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகிக்கு வயது பதினெட்டு. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவர். ராசம்மா பூபாலனுக்குப் பதினாறுதான். லயத்துப் பெண்களும் அப்படையில் துப்பாக்கி பிடித்தார்கள். மஞ்சள் நீராடிய அன்றே வீட்டு மூலைக்கு அனுப்பப்பட்டிருக்கவேண்டிய பிராயத்தில் அவர்கள் அணிவகுத்து நடந்தார்கள் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் பின்னர் அடிக்கடி மறந்துபோயின.

போருக்குப் பின் வந்தவற்றுள், என் மனத்துக்கு உகந்தது மணிமன்ற இயக்கம். சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ நடத்திய கோ. சாரங்கபாணி, 1950களில் அப்பத்திரிகையில் மாணவர்க்கென்று மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஏற்படுத்தி, பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றை வெளியிட்டார். அதன் வழியே தோட்டங்களிலும் பட்டணங்களிலும் மணிமன்றங்கள் முளைத்தன. பின்பு அவை தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகிப் பேரவையாகவும் உருப்பெற்றன. மாலையில் லயத்துக் கோடியிலிருந்த ஒரு கொட்டகையில் பேச்சுப் போட்டி, நாடக ஒத்திகை, வாசகசாலை, பந்தாட்டம் என்று கூடிய அவ்விளைஞர்களுக்கு அங்கே கிடைத்தது என்ன? ஆளாகிவிட்டாய் என்று செக்ரோல் பறித்துக்கொண்ட அந்த நடுப்பருவமே அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. தவறு செய்து திருத்திக்கொள்ளவும், தோழர் முன்னிலையில் கைதட்டுப் பெறவும், மூத்தவர் ஒருவர் கண்டிக்கவும் தட்டிக்கொடுக்கவும் ஓரிடம் கிடைத்தது. மூளைச் சாஸ்திரம் அறிந்து அதைச் செய்தவர் எவருமில்லை. எனினும் அச்சாஸ்திரம் வேண்டுவதை அதைவிட நன்றாகச் செய்வது அரிது.

சட்டமும் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைச் சிறுவர் என்று வகுத்து வேலையைக் கட்டுப்படுத்தியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையைப் பதினைந்தாக்கி, பதினெட்டு வரை இளையோர் என்றது. இதற்கிடையே 1971இல் சட்டப்படியான முழுவயது பதினெட்டு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1977இல், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டு, நாடே பதறியபின் மாமன்னரின் கருணையால் அவன் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஒரு பிள்ளையின் உயிர், வயதைப் பாராத சட்டமொன்றின் விளிம்பில் நின்று மீண்டது.

இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டுமனைகளாயின. லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளானைச் சுற்றிய புறம்போக்குக் குடிசைகளிலும், பின்பு அடுக்குமாடிகளிலும் தங்கின. கோயில் ஒருபுறம், பந்தாட்டத் திடல் ஒருபுறம், சொந்தபந்தம் ஒருபுறம் என்று சிதறின. மணிமன்றக் கொட்டகைகளும் மறைந்தன. நெற்றிப்புற மூளை மாறத் தொடங்கும் அதே பன்னிரண்டு பதின்மூன்று வயதில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தன் சிறிய பள்ளியைவிட்டு, மலாய்மொழி வழியாகப் போதிக்கும் பெரிய இடைநிலைப் பள்ளிக்கு மாறவேண்டியிருந்தது; மலாயில் தேறாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டியிருந்தது. தன்னுடன் படித்தவர்கள் முன்னே போக, தான் மட்டும் பின்தங்கியதாக உணரும் அவமானத்தை, தோழரின் கண்ணே உலகமாயிருக்கும் பிராயத்தில் சுமப்பது எளிதன்று. பலர் அங்கேயே பள்ளியைத் துறந்தார்கள். அவர்களுக்கு மரியாதையும், பெயரும், ‘அண்ணன்’ என்று கூப்பிட ஒருவனையும் கொடுத்து வரவேற்றவை ரகசியக் கும்பல்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பெரும்பாலோர் இந்தியர் என்ற செய்தி சமூகத்தைத் தலைகுனிய வைத்தது. 1941இல் சைக்கிளேறிய அதே துணிச்சலும், அதே தோழமைத் தாகமும் இங்கேயும் வேலைசெய்தன. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் மாறியிருந்தார்கள்.

மூளையின் பெயரால் வாலிபரைத் தாழ்த்தவும் கூடாது, விதியென்று கைவிடவும் கூடாது. இன்னும் முதிராத மூளை என்பதற்கு, இன்னும் வளையக்கூடிய மூளை என்பதே பொருள். 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசேர்த்தது. படிப்பை விட்ட இளைஞர்க்குக் களும்பாங்கில் தொழிற்கல்வி தரும் மைஸ்கில்ஸ் அறநிறுவனம், பதினாறு பதினேழு வயதில் தவறியவனை இருபதுக்குள் நிமிர்த்தமுடியும் என்று காட்டிவருகிறது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் உறுமி மேளம் பயிலும் பையன்களைக் கண்டால், சத்தமென்று விரட்டாமல், மணிமன்றத்தின் ஒரு கிளை அங்கே உயிரோடிருக்கிறதென்று கருதுவது நல்லது.

வாக்களிக்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் பதினெட்டு வயதினரும் வாக்களித்தனர். அவசரமில்லாமல், தனிமையில் நின்று, சிந்தித்துத் தீர்மானிக்கும் காரியங்களில் பதினாறு வயதினரே பெரியவர்களுக்கு ஏறக்குறைய நிகராக நடக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், நான் அத்திருத்தத்தை மனமார வரவேற்கிறேன். கோபத்திலும், பயத்திலும், கும்பலின் நடுவிலும் நிகழும் செயல்கள் வேறு. அங்கே அதே பிள்ளை பல ஆண்டு இளையவனாகிவிடுகிறான். நம் குற்றவியல் சட்டமோ இவ்வேற்றுமையை இன்னும் போதிய அளவு ஏற்கவில்லை. தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி பத்து வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது குற்றமாகாது. 83ஆம் பிரிவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் விவேகத்தை ஆராயும்படி கூறுகிறது. பன்னிரண்டுக்கு அப்பால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. 1923இல் தோட்டத்துப் பிள்ளையைத் தொழிலாளியாக்கிய அதே பத்து வயது, இன்றும் மலேசியப் பிள்ளையைக் குற்றவாளியாக்கப் போதுமானதாக இருக்கிறது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் ஐக்கிய நாட்டுக் குழு, இவ்வெல்லை குறைந்தது பதினான்காக இருக்கவேண்டுமென்று 2019இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அந்த மாற்றத்தை நாடாளுமன்றம் இனியும் தாமதிக்காமல் செய்யவேண்டும். காப்பாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் செல்லும் உறுப்பினர்கள் அதை முதலில் எழுப்பவேண்டும்.